பிடித்துத் தைக்க முடியாத வில்

அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டால் வில் உடையும் என்று வில் கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டேதான் தையல்காரர் விட்டார். பட்டென்று ஒரு சத்தம். அவர் கையிலிருந்த கடை வில்லின் மேல் பாதி வாயைப் பிளந்தது.

"கண்ணு தெரியலையா சார்?" என்றாள் கடைக்காரம்மா.

"தெரியுதும்மா. படிச்சு முடிக்கறதுக்குள்ள கை அவசரப்பட்டுடுச்சு."

அவர் மனைவி, இந்த ஆள் யாரென்றே தெரியாதவள் போல அம்புகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

பதினாறு வருட இல்லறத்தில் இருவரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்வது ஞாயிற்றுக்கிழமை வில் பயிற்சி ஒன்றுதான். நாலு வாரமாக அவள் அதற்கும் வரவில்லை. கேட்டால் தலைவலி, இல்லாவிட்டால் "பார்க்கலாம்". தன்னோடு வருவதே சலித்துவிட்டதோ என்று அவருக்கு உள்ளே அரித்தது. நேரில் கேட்கத் தைரியமில்லை. ஒரே நிறத்தில் புது ஜோடி வில் வாங்கினால் சரியாகிவிடும் என்று அழைத்து வந்திருந்தார்.

கடைக்காரம்மா மனைவியின் கைகளை விரிக்கச் சொல்லி அளந்தாள். பிறகு அவர்கள் கொண்டுவந்திருந்த அவளுடைய பழைய வில்லைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது ஆறடி ஆளுக்கான வில்லு. யாரு எடுத்துக் கொடுத்தது?"

"நான்தான். பெரிசா எடுத்தா அப்புறம் பிடிச்சுக்கலாம்னு..."

"பிடிச்சுத் தைக்க இது என்ன சட்டையா சார்?"

ஊரில் பாதிப் பேருக்கு நூல் பிசகாமல் தைக்கிறவர் தரையைப் பார்த்தார்.

கடைக்காரம்மா விடவில்லை. மனைவியிடம் கைகளை நீட்டிக் கோத்து, நடுவே விட்ட சின்ன ஓட்டை வழியாகக் கடைக்காரம்மாவின் மூக்கைப் பார்க்கச் சொன்னாள்.

"உங்களுக்கு இடது கண்ணுதான் குறி பார்க்குது. வலது கையால நாண் இழுக்கற வில்லு ஆகாது. இடது கையால இழுக்கறதா எடுங்க, இழுக்கற பலம் இருபத்தெட்டு பவுண்டு. சாருக்குத் தோள் நடுங்குது, இருபத்திநாலே போதும்."

"எனக்குக் குறைச்சலா?"

"ஆமா சார். அப்புறம், அவங்க இடது கை, நீங்க வலது கை; இனிமே அம்பு விடற கோட்டுல ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் நிப்பீங்க."

தையல்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கணுமாம். நிஜத்தைச் சொல்லு, என்கூட வரது சலிச்சுப் போச்சா?"

"சலிக்கல. அந்த வில்லு என் தோளைக் கழட்டிப் போட்டுச்சு. ஆசையா வாங்கிட்டு வந்தீங்க, சொன்னா மூஞ்சி சுண்டிடும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை வரேங்க. ஆனா வழக்கம் போல 'முழங்கையைத் தூக்கு, முழங்கை'ன்னு ஒரு தரம் கத்தினாலும், நான் வீட்டுக்குத் திரும்பிடுவேன்."