அரைஞாண் கயிறும் எக்சாஸ்ட் பிரேக்கும்

தெருவில் கொட்டுக்காரர்கள் மேளத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தபோது அனுசியா பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வாயில் இரண்டு கிளிப்புகள், நெஞ்சின் மேல் ஒரு ஸ்பேனர். வண்டிக்கு அந்தப் பக்கம் பந்தலில், குளிர்பெட்டிக்குள் அவளுடைய அப்பா நம்பிராஜனும் மல்லாந்துதான் கிடந்தார்.

"ஏளா, அப்பாவ அங்கன போட்டுட்டு நீ இங்கன என்ன செய்யுத?" அண்ணன் சங்கரபாண்டி குனிந்து கேட்டான். மதுரையில் போலீஸ். விடிந்ததும் தகவல் கேட்டு ஓடி வந்தவன்.

"பிரேக்கு மாட்டுதேன்."

"இன்னைக்கா?"

"அப்பா இந்த வண்டியிலதான் போவணும். இந்தப் பிரேக்கோட."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு மணிக்கு எடுக்கணும். மூணுக்குள்ள முடிஞ்சா நம்ம வண்டி. இல்லன்னா சொர்க்க ரதத்துக்குச் சொல்லிருவேன். பிறகு என்னக் கொற சொல்லக்கூடாது."

நம்பிராஜனுக்கு எண்பத்திரண்டு வயது. நாற்பது வருஷம் லாரியில் புளியரை மலை ஏறி இறங்கியவர். ஓய்ந்த பிறகும் வீட்டில் தங்கவில்லை. மகள் பிக்கப் வாங்கியதும் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். இலஞ்சித் தேங்காயை ஏற்றிக்கொண்டு போய்ப் புனலூரில் இறக்கிவிட்டு, அன்னாசிப்பழத்தோடு திரும்புவது அவள் பிழைப்பு. போன மாதம் மலை இறங்கும்போது பிரேக் சூடேறிக் காலுக்கு அடங்காமல் போய்விட்டது. மண்மேட்டில் உரசி எப்படியோ நின்றார்கள். அன்றிலிருந்து கிழவருக்கு வேறு பேச்சே இல்லை. எக்சாஸ்ட் பிரேக் மாட்ட வேண்டும்.

புகை போகிற குழாயின் குறுக்கே ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான் விஷயம். இறக்கத்தில் அதை மூடினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பெடலை மிதிக்க வேண்டியதில்லை. பெரிய லாரிக்குக் கூடவே வரும். பிக்கப்புக்கு நாமாகத் தேடி மாட்ட வேண்டும். எதை மாட்டுவது என்று அப்பனும் மகளும் மூன்று வாரம் சண்டை போட்டார்கள். அவள் ஃபோனில் பார்த்து வைத்திருந்தது கரண்டில் ஓடுவது. "மழக்காட்டுல கரண்ட நம்பி எறங்குவியாட்டி?" என்று அவர் அதை அடித்துவிட்டார். காற்றை உறிஞ்சி வேக்குவத்தில் இழுக்கிற பழைய மாதிரிதான் வேண்டும், டேஷ்போர்டில் ஒரு குமிழ் போதும் என்றார்.

கடைசியில் தென்காசியில் பழைய வண்டி உடைக்கிற தேவாவின் கடைக்குப் போனார்கள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கிழவர் வேட்டிக்குள் கைவிட்டு இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை உருவினார். வீட்டிலேயே சைலன்சர் குழாயைச் சுற்றி அளந்து அதில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். அனுசியாவுக்கு மானமே போயிற்று. கடையே சிரித்தது. ஒரு மினி லாரியிலிருந்து கழற்றிய பிரேக் வால்வின் கழுத்தில் கயிற்றைச் சுற்றியதும் நுனி முடிச்சில் வந்து உட்கார்ந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"மாட்டுன அன்னைக்கு மல எறங்கும்போது ரெண்டு காலையும் தூக்கிச் சீட்டுல சம்மணம் போடணும். போடுவியா?" என்று வருகிற வழியெல்லாம் கேட்டார். அவள் போடுகிறேன் என்றாள்.

நேற்று ஜோயல் பட்டறையில் வெல்டிங் முடிந்தது. மிச்சம் வேக்குவ ஹோஸை, அந்த ரப்பர்க் குழாயை, இழுத்துக் கட்டுவதுதான். அதிலும் பாதியை, சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில், கிழவரே வண்டிக்கடியில் புகுந்து கட்டியிருந்தார். பிறகு வந்து ஆறு இட்லி சாப்பிட்டுப் படுத்தவர்தான், காலையில் எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும். கொட்டும் வெடியும் தானாக வந்து சேர்ந்தன.

மூன்றடிக்கக் கால் மணி இருக்கும்போது அனுசியா வெளியே வந்து, வண்டியைக் கிளப்பி, குமிழை இழுத்தாள். இன்ஜின் 'உர்ர்ர்' என்று அடிவயிற்றிலிருந்து உறுமியது. பந்தலில் ஒப்பாரி பட்டென்று நின்றது.

"கிழவரு செருமுதாரா?" என்று ஒருத்தி கேட்டாள். ஒப்பாரிக்காரிகளே சிரித்துவிட்டார்கள்.

நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டும்போதுதான் அடுத்த கூத்து. சாவுச் சடங்கு செய்கிற குடிமகன் செல்லச்சாமி துணியை விலக்கிவிட்டு நிமிர்ந்தார். "அரைஞாணக் காணமே."

கொட்டு நின்றது. மயானத்தில் கடைசியாக அறுக்க வேண்டிய கயிறு. வெறும் இடுப்போடு ஒரு ஆம்பளையை அனுப்ப முடியாது. "எண்பது வருஷம் இடுப்புல கெடந்த கயிறு எங்கல போவும்?" என்றார் சித்தப்பா தளவாய். கட்டிலுக்கடியில் தேடினார்கள், தலையணையை உதறினார்கள்.

அனுசியாவுக்குத் தெரிந்துவிட்டது. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடி வண்டிக்கடியில் போனாள். ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தாள். ஹோஸைச் சட்டத்தோடு சேர்த்து, குழாய்ச் சூடு படாத உயரத்தில், கறுப்புக் கயிறு ஒன்று இறுக்கியிருந்தது. ஏதோ பழைய கயிறு என்று மதியம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்திருக்கிறாள். நடுவில் அந்த அளவு முடிச்சு. கிளிப்பு பற்றாமல் போகவே கிழவர் இடுப்பிலிருந்ததை உருவிக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, காலையிலிருந்து வராத அழுகையும் வந்தது.

"கெடச்சிட்டா? அவுத்துக் குடு, அந்த இடத்துல ஒரு கம்பியச் சுத்திக்கிடலாம்" என்றான் சங்கரபாண்டி.

"அவுறாதுண்ணே. அப்பா போட்ட முடிச்சு. அறுக்கத்தான் செய்யணும்." அவளுக்குக் கை வரவில்லை.

செல்லச்சாமி குனிந்து வண்டிக்கடியில் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இங்கன வச்சு அறுக்கப்பிடாது. கடையில புதுக்கயிறு ஒண்ணு வாங்கியாங்க. அதக் கெட்டி விட்டு, அங்கன போயி அறுத்துக்கிடுவோம். பழசு வேலையில இருக்கு."

தளவாய் ஒரு பையனைக் கடைக்கு விரட்டினார்.

பாடையை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். அனுசியா ஸ்டியரிங்கை விடவில்லை. யாரோ முணுமுணுத்தார்கள். "அவ டிரைவருலா. டிரைவர் இல்லாம வண்டி போவுமா?" என்றார் தளவாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆற்றங்கரை மயானத்துக்குக் கால்வாய்க் கரையிலிருந்து செங்குத்தாக ஒரு இறக்கம் உண்டு. குற்றாலச் சாரல் விழுந்து பாதை வழுவழுவென்று கிடந்தது. கொட்டுக்காரர்கள் முன்கூட்டியே ஓரமாக ஒதுங்கினார்கள். வண்டியின் பின்தட்டில் சங்கரபாண்டியும் இன்னும் மூன்று பேரும் பாடையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"மெதுவாளா, பிரேக்க மிதிச்சிக்கோ" என்று அண்ணன் கத்தினான்.

அனுசியா இரண்டாவது கியரைப் போட்டாள். குமிழை இழுத்தாள். வண்டி உறுமிக்கொண்டே தலையைக் கவிழ்த்தது. ஒவ்வொன்றாக இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் அப்பாவின் துண்டு கிடந்தது. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு இறக்குவதுபோல, ஒரு குலுக்கல் இல்லாமல், தானாக இறங்கியது.

பாதி இறக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தாள். சங்கரபாண்டி பாடையிலிருந்து கையை எடுத்துவிட்டு, முகத்தில் விழுந்த சாரலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.