குழிமேல் நின்றவர்

தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில்தான் அவளுக்கு வேலை. ஆனால் அங்கே யாரும் அந்த வேலையை வைத்து அவளை அடையாளம் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவள் சங்கத்தக்கா. பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் குரலை உயர்த்த மாட்டாள்; பிடித்த பிடியை விடவும் மாட்டாள். அவள் அறைக்குள் வந்தாலே பாதி அதிகாரிகள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வருஷம்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்வதென்று முடிவாகியிருந்தது. சேர்த்த கையோடு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், நீரேற்று நிலையத்தின் பின்புறம் இருந்த பெரிய வால்வுக் குழி. பெருங்குழாய்கள் பிரியும் இடம் அது. தினமும் காலையில் ஒருவர் இரும்பு ஏணியில் இறங்கி மேட்டுப் பகுதிக்கான வால்வைத் திருக வேண்டும். உள்ளே காற்று எப்போது கெட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு விதி இருந்தது. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மேலே நிற்க வேண்டும். கீழே இருப்பவர் அவ்வப்போது "மேல யாரு?" என்று கேட்பார். மேலே இருப்பவர் "இருக்கேன்" என்பார். கேட்கிறவனின் குரல் குழறினால் உடனே கயிற்றை இழுத்துவிட வேண்டும்.

விதி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். இடுப்பு பெல்ட்டும் கயிறும் அவர்களுக்கு மட்டுமே. ஒப்பந்த ஆட்கள் தனியாகத்தான் இறங்கினார்கள். குழி ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்; ஆனால் மேலே ஆள் நிற்பது சிலருக்குத்தான்.

இதைக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று அவள் சொன்னபோது ஒப்பந்த ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கட்டையன்தான் வாயைத் திறந்தான். ஆள் குட்டை, பேச்சு நீளம். எந்தக் கூட்டத்திலும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்றைக்குச் சிரிக்க வைக்கவில்லை.

"வேற எதாவது கேளுங்கக்கா. கையுறை கேளுங்க, பூட்ஸ் கேளுங்க. ஆள் மட்டும் வேணாம்."

"ஏண்டா வேணாம்? தனியா செத்துப் போறதுல அவ்வளவு ஆசையா?"

"தனியா இல்லக்கா." அவன் மற்றவர்களைப் பார்த்தான். யாரும் தடுக்கவில்லை. "மேல ஆள் இருக்கு."

அவர்கள் சொன்னது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் குழியில் ஒப்பந்த ஆள் ஒருவர் இறந்திருந்தார். ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் அவருக்கு ரேடியோ என்று பேர். தனியாக இறங்கினார். காற்று கெட்டிருந்தது. அவர் கீழே இருந்து கத்தியது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. ரேடியோ வழக்கம்போலத் தனக்குத்தானே பேசிக்கொள்கிறது என்று அவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொல்லியிருக்கிறார்கள். மாரடைப்பு என்று வாரியம் எழுதி முடித்தது.

அதற்குப் பிறகு தனியாக இறங்கும் எவனாவது, நிரந்தர ஆட்கள் சொல்லிக் கேட்ட பழக்கத்தில், "மேல யாரு?" என்று கேட்டால் பதில் வருகிறது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. ஆனால் பதில் தவறுவதில்லை. ஒருநாள் காற்று கெட்டிருந்தபோது "ஏறு, ஏறு" என்று அதட்டியதாம். ஏறி வந்தவன் இன்றைக்கும் பிள்ளைகுட்டியோடு இருக்கிறான்.

"நிஜ ஆள் ஒருத்தன் வந்து நின்னா அவர் பேச மாட்டாருக்கா," என்றான் கட்டையன். "வர்றவன் போனைப் பாத்துக்கிட்டு நிப்பான். அவனை நம்புறதா, இவரை நம்புறதா?"

அவள் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அதே சமயம், தான் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேச்சுவார்த்தையில் வாதாடியதும் இல்லை. அன்று மதியமே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டையனின் தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டாள். காற்று நன்றாக இருக்கிறது என்று அவன் பார்த்துச் சொன்ன பிறகு, அவனை வாசலுக்குப் போகச் சொன்னாள். போக மனமில்லாமல் போனான்.

ஏணிப் படிகள் சில்லென்று இருந்தன. கீழே இறங்க இறங்க வெயில் தலைக்கு மேலே வட்டமாகச் சுருங்கியது. அடியில் குழாய்கள் மாடுகள் படுத்திருப்பதுபோல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. உள்ளே தண்ணீர் ஓடும் அதிர்வு காலில் ஏறியது. வெளியே அத்தனை பம்புகள் ஓடின. இங்கே தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்டது. கேட்பதா வேண்டாமா என்று நின்றாள். வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"மேல யாரு?"

"இருக்கேன்."

கரகரத்த குரல். நெடுநேரம் நின்று கால் வலித்தவன் பேசுவதுபோல் இருந்தது. அவள் நிமிர்ந்தாள். வட்டத்தில் வானம் மட்டும் இருந்தது.

"கட்டையா, நீயா?"

அதே குரல், "இருக்கேன். நீ வேலையைப் பாரு."

மேலே ஏறி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள். கட்டையன் தூரத்தில், வாசல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே வழக்கம்போல், "இருக்கீங்களா?" என்றாள். உள்ளறையில் தையல் மிஷின் நின்றது. "இருக்கேன்," என்றது வீட்டுக்காரர் குரல். அவளுக்கு உடம்பெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். கழுத்தில் அளவு நாடாவோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி பாக்குற?"

"ஒண்ணுமில்ல. இனிமே கூப்பிட்டா வெளிய வந்து பேசுங்க."

"மிஷினை விட்டுட்டு எந்திரிச்சு வரணுமா? மகாராணி உத்தரவு," என்று சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து எழுந்து வந்துதான் பேசினார்.

நீரேற்று நிலையத்துப் பொறியாளரிடம் பேசப் போனபோது வழக்கமான பதிலை எதிர்பார்த்தாள். ஆள் பற்றாக்குறை, மேலிடத்து அனுமதி, பார்க்கலாம். அவர் மோசமான மனிதர் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க ஆளுங்க யாராவது கேட்டாங்களாம்மா? எங்கிட்ட ஒரு புகார் கூட வரல."

"நான் கேக்கிறேன் சார். ஒரே வேலைக்கு ரெண்டு நியாயம் இருக்கக் கூடாது."

அவர் மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "நானும் இறங்கியிருக்கேம்மா. போன வருஷம் ஆய்வுக்கு. தனியா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்கதான் ஆள் இருக்கே. சம்பளம் கேக்கல, லீவு கேக்கல. அந்த இடத்துக்கு எதுக்கு இன்னொரு ஆளைப் போடச் சொல்லி நான் மேல எழுதணும்?"

வெட்கத்தோடுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

குழியில் கேட்ட குரலைவிட இதுதான் அவளுக்கு அதிகக் குளிரைத் தந்தது. படி இறங்கி வரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். ரேடியோ உயிரோடு இருந்தபோது சங்கத்தில் அவருக்கு இடமில்லை. செத்த பிறகும் வாரியம் அவரை விடவில்லை.

மறுநாள் ஒப்பந்த ஆட்களைப் பம்பு அறைக்குப் பக்கத்தில் கூட்டினாள்.

"அவர் நல்லவர்னு நானும் ஒத்துக்கிறேன். என் காதாலயே கேட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. அவர் எப்ப உக்காருவார்?"

கட்டையன் குழி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வெயில்லயும் மழையிலயும் அந்த மனுஷன் நிக்கிறார். அவருக்கு யாரும் நிக்கல, அதனால உங்களுக்கு நிக்கிறார். நீங்களும் நிக்க வச்சிட்டே இருக்கீங்க. உயிரோட இருந்தவரையும் சும்மா வேலை வாங்கினாங்க, செத்தவரையும் வாங்குறாங்க. அதுக்கு நாமளும் உடந்தை."

கட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று வாசலில் டீ குடித்துக்கொண்டு சிரித்தவர்களில் அவனும் ஒருவன் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "சரிக்கா," என்றான். "என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

பெரிதாக ஒன்றுமில்லை. உயிருள்ள ஆள் மேலே நிற்காமல் யாரும் இறங்குவதில்லை. வேலைநிறுத்தம் இல்லை, மற்ற எல்லா வேலையும் நடக்கும். இந்தக் குழி மட்டும். நிரந்தர ஊழியர்களும் அவர்களுக்குப் பதிலாக இறங்குவதில்லை என்று சங்கத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று அவர்கள் போன பிறகு அவள் குழிக்கு வந்தாள். மூடி போட்டிருந்தது. அருகில் குனிந்து, யாராவது பார்த்தால் பைத்தியம் என்று நினைப்பார்களே என்ற கூச்சத்தோடு, மெல்லப் பேசினாள்.

"அண்ணே, நான் சங்கத்துலருந்து வந்திருக்கேன். இனிமே நீங்க பதில் சொல்ல வேணாம். யார் கூப்பிட்டாலும் சொல்லாதீங்க. நீங்களும் எங்களோட நில்லுங்க."

மூடி வெயிலில் சுட்டது. பதில் இல்லை.

அடுத்த நாள் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. புகார்ப் பிரிவில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துத் திட்டு வாங்கியவளும் அவள்தான். கைக்குழந்தை வைத்திருக்கிறேன் என்று ஒரு பெண் அழுதபோது மட்டும், நேரே போய்த் தானே வால்வைத் திருகிவிடலாமா என்று தோன்றியது. லாரியில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

அன்று முற்பகல் பொறியாளரே குழிக்கு வந்தார். நிரந்தர ஊழியர்களின் பெல்ட்டைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே கம்பியில் முடிந்துகொண்டார். விஷயம் தெரிந்து அவள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது மூடி திறந்திருந்தது. கட்டையனும் மற்றவர்களும் சுவரோரம் நின்றார்கள்.

"சார், மூடி ரெண்டு நாளா திறக்கல. காத்தைப் பாக்காம இறங்காதீங்க."

"யாரும் கிட்ட வர வேண்டாம். உங்க யார் தயவும் எனக்குத் தேவையில்ல. அங்கேயே நில்லுங்க," என்று இறங்கினார்.

யாரை நம்பி அவருக்கு அந்தத் தைரியம் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் தலை மறைந்தது. ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது, நின்றது. வால்வு ஒருமுறை முனகியது. பிறகு சாதாரணமாக, கூடத்திலிருந்து சமையலறையைக் கேட்பதுபோல், அவர் குரல் வந்தது.

"மேல யாரு?"

எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பதில் பழக்கம். வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். வரவில்லை.

"மேல யாரு?"

பம்புகள் ஓடின. ஆனால் குழியைச் சுற்றி மட்டும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு அமைதி. வாயருகே, ஒரு ஆள் நிற்கக்கூடிய இடத்தில், சிமெண்ட் தரை மட்டும் லேசாக ஈரமாகத் தெரிந்தது. கட்டையனும் அதைப் பார்த்தான்.

"அவர் நிக்கிறாருக்கா," என்று கிசுகிசுத்தான். "நின்னுக்கிட்டேதான் இருக்கார். பேச மாட்டேங்கிறார்."

மூன்றாவது முறை வந்த குரலில் வார்த்தை இல்லை. நாக்கு தடித்துப்போன ஒரு இழுவைதான் இருந்தது. கேட்டவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் வாசலில் கேட்டதும் இதே சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

அவள் ஓடினாள். ஈரமாயிருந்த அந்த இடத்தில் காலை வைத்ததும் முழங்கால் வரை சில்லிட்டது. குப்புறப் படுத்துக் குழிக்குள் கத்தினாள். "இருக்கேன் சார்! இருக்கேன்! ஏணியை விட்டுடாதீங்க!" அதற்குள் கட்டையன் கயிற்றைப் பிடித்துவிட்டான். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். இழுக்க இழுக்க, கிணற்றில் நிறைந்த வாளிபோல் பாரமாக அவர் வந்தார். வெளியே எடுத்துப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. கண் திறக்கும்வரை அவள் நிறுத்தாமல் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்லிக் கட்டையன் தோளைத் தொட வேண்டியிருந்தது.

பொறியாளருக்கு மூச்சு சீரானதும் முதலில் குழியின் வாயைப் பார்த்தார். பிறகு அவளை.

"அவர் எங்கம்மா?"

"வேலையை விட்டுட்டார் சார்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அவர் உத்தரவு போட்டார். யார் இறங்கினாலும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, மேலே ஒரு ஆள். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் பெல்ட்டும் கயிறும். ரேடியோ இறந்ததை விபத்து என்று திருத்தி எழுதவும் சம்மதித்தார். அதற்கு மட்டும் மேலிடத்தோடு இன்னும் பல மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவள் மல்லுக்கட்டினாள்.

சங்க அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதில் சொல்லாதீர்கள் என்று அவரிடம் சொன்னவள் அவள்தான். ஓடிப்போக இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், அந்தக் குழியில் இன்னொருவர் சேர்ந்திருப்பார். தன் காலுக்கடியில் ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு, அவள் கேட்டுக்கொண்டதற்காக வாய் திறக்காமல் நின்றாரே, அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, "உன்னைக் கூப்பிடத்தான் பேசாம நின்னாரோ என்னவோ," என்றார். அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

புது ஏற்பாடு தொடங்கிய காலையில் குழிக்குப் போனாள். மூடி திறந்து காற்றாட விட்டிருந்தார்கள். தரை காய்ந்திருந்தது. அவள் வாயருகே குனிந்தாள்.

"அண்ணே, கிடைச்சிடுச்சு. எல்லாருக்கும்."

கீழே தண்ணீர் ஓடும் அதிர்வு மட்டும் கேட்டது. ஒரே ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று பயந்தாள். வந்தால் தேவலையே என்றும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, பின்னாலிருந்து கயிற்றோடு வந்த ஆள், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க. ஆள் இறங்கணும்," என்றார்.

அவள் எழுந்து தள்ளி நின்றாள்.