பெரியவர் போயிட்டார்

1

இந்தக் கதை ஒரு பட்டறை வாசலில் எனக்குக் கிடைத்தது. ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். மெக்கானிக் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு யாரிடமோ சொன்னார்: "பெரியவர் போயிட்டாருங்க. ஆமாங்க, இப்பத்தான். எனக்கு ஒரே சந்தோஷம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சாவைச் சொல்லிவிட்டு இந்த மனிதர் பல் தெரியச் சிரிக்கிறாரே என்று. முகம் தெரியாத அந்தப் பெரியவருக்காக மனத்துக்குள் ஒரு பிரார்த்தனை சொல்லி முடித்த பிறகுதான் விசாரித்தேன். அவர் ஒரு பிக்கப் வண்டியாம். வருஷக்கணக்காகக் கொட்டகையில் கிடந்தவர், அன்றுதான் ஓடிப்போய்த் தன் வீடு சேர்ந்தாராம்.

"வயசானவங்களை அது இதுன்னு பேசக் கூடாதுங்க," என்றார் மெக்கானிக்.

பிரார்த்தனையைத் திரும்ப வாங்கிக்கொள்வது எப்படி என்று தெரியவில்லை. வண்டிக்கே போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது: அந்த வார்த்தை தப்பான காதில் விழுந்திருந்தால்?

2

தொடக்கங்கள்:

"கொட்டகைக் கதவைத் திறந்ததும் காலம் அப்படியே உறைந்துபோய்—" இல்லை. காலம் எங்கும் உறையவில்லை. காற்று வடிகட்டிக்குள் எலி ஒன்று பிள்ளை குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே—" இதுவும் வேண்டாம். சின்ன வயதில் ஆரம்பித்தால் என்னால் பெரிய வயதுக்கு வந்து சேர முடியாது.

சரி, நேராகவே சொல்கிறேன். ஒரு வீடு. அதில் ஒரு அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள். மகளை அக்கா என்றே அழைப்போம். அப்படிக் கூப்பிட வேண்டிய தம்பி அந்த வீட்டில் இல்லை, நாமாவது கூப்பிடலாம்.

வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, பாத்திரங்களை ஏற்றிப்போவதுதான் அப்பாவின் தொழில். அவர் முதல்முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி எங்கே ஓட்டப்போகிறார் என்று நினைத்துத் தம்பி பிக்கப்பைப் பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். அப்பா வீடு திரும்பிய அன்று வண்டியின் கழுத்தில் சங்கிலி. சங்கிலியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு அப்பா மகனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"இனிமே நீ என் சாவுக்கு வந்தாப் போதும்."

(எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அப்பாக்கள் சொல்லிவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகிற வாக்கியம். மறப்பதற்கென்றே சொல்லப்படுவது. இந்த வீட்டில் மட்டும் ஒருவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது. வேறு எங்கிருந்து வரும்?)

தம்பி பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். அக்காவோடு போனில் பேசுவான். "அவரு எப்படி இருக்காரு" என்று கேட்பான். அப்பா என்று சொல்லமாட்டான். அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட செய்தியைக் கேட்டபோதும், "சாவு இல்லையே, வர முடியாதுக்கா," என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். ஆனால் வரவில்லை.

3

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கஞ்சி வேண்டாம், ஜன்னல் வேண்டாம், மகள் வேண்டாம். இவரை எழுப்ப, வருஷக்கணக்காகக் கொட்டகையில் கிடக்கும் அந்த வண்டியை எழுப்பினால்தான் உண்டு என்று அக்காவுக்குத் தோன்றியது. பட்டறையில் போய்ச் சொன்னாள். (மெக்கானிக்கை நான் பார்த்தபடியே இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அவரை மாற்றி எழுதும் துணிச்சல் எனக்கில்லை.)

"என்ஜின் ஜாம் ஆயிருக்கும்மா. அவசரப்பட்டுச் சாவி போட்டோம்னா உள்ள கீறிடும்," என்றார் மெக்கானிக். பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். "இப்போதைக்குப் பெரியவர் எண்ணெய் தேச்சு உக்காந்திருக்காரு. நாளைக்குக் கேப்போம், குளிக்கிறீங்களான்னு."

மறுநாள் என்ஜினைக் கையால் சுழற்ற ஹேண்டிலைப் போட்டு அழுத்தினார். அசையவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அக்கா தினமும் கேள்வி கேட்காமல் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஒரு காலையில் ஹேண்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டேங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. "பெரியவருக்கு வயிறு சரியில்லை." கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். "தொண்டையும் கட்டியிருக்கு." நான்கு சக்கரத்திலும் பிரேக் இறுகிப்போயிருந்தது. "இவரு பிடிச்சா விடமாட்டாரு போல."

"எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான்," என்றாள் அக்கா.

நாட்கள் போகப் போக அக்காவும் பெரியவர் என்றே சொல்லப் பழகிவிட்டாள். இதைக் கவனித்து வையுங்கள். கொட்டகையில் இருவர் வாயில் மட்டும் புழங்கிய பேர் அது. தம்பிக்குத் தெரியாது.*

* தம்பிக்கு வண்டி தயாராவதே தெரியாது. முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாள்.

4

ஒரு காலையில் என்ஜின் இருமியது. புகையைக் கக்கியது. நின்றது. மறுபடி இருமி, பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. சுவர்ப் பக்கம் படுத்திருந்த அப்பா ஒரு கையை ஊன்றி எழ முயல்வதை அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள்.

மெக்கானிக் வண்டியை மெல்ல வெளியே எடுத்துத் தெருக்கோடிக்கு ஓட்டிப் போனார். அக்கா வாசலில் நின்று, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி... பெரியவர் போயிட்டாருடா."



"எப்பக்கா?" என்றான் தம்பி.

"இப்பத்தான். என் கண் முன்னாடி."

இந்த இடத்தில் போனில் சார்ஜ் தீர்ந்து இணைப்பு அறுந்தது.

5

மன்னியுங்கள். சார்ஜ் தீரவில்லை, நான்தான் தீர்த்தேன். அக்கா நல்லவளாக இருக்கவேண்டும், தப்பு தற்செயலாக நடக்கவேண்டும் என்கிற ஆசை. மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்று நம்பித்தான் நான் எழுதவே உட்காருகிறேன். ஒரு டம்ளர் தண்ணீர், பஸ்ஸில் நகர்ந்து கொடுக்கிற இடம், இவற்றில்தான் எனக்குக் கடவுள் தெரிகிறார். ஆகவே பேட்டரியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகரப் பார்த்தேன்.

கதை நகரவில்லை. அக்கா வாசலிலேயே நின்றாள், கையில் போன், சார்ஜ் நிறைய. அந்த வரியை அடித்துவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்தேன். பார்த்ததில் எனக்குக் கை கால் ஓடவில்லை.

"இப்பத்தான். என் கண் முன்னாடி," என்று சொன்னபோது அவள் வண்டியைத்தான் சொன்னாள். அதில் பொய் இல்லை. ஆனால் தம்பி அந்தப் பக்கம் எழுப்பிய சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயையோ, வண்டிடா" என்று சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை.

"அக்கா, நான் வர்றேன்," என்றான் தம்பி.

"வா," என்றாள். போனை வைத்துவிட்டாள். அது மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும். பிறகு ஒரு குறுஞ்செய்தி: கிளம்பிட்டேன்.

நான் அவளிடம் கேட்டேன். (எழுதுகிறவனுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?) "அம்மா, உயிரோடு இருப்பவரைச் செத்தவராக்கலாமா? வழியெல்லாம் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும்?"

"தெரியும்," என்றாள். "சாவுக்குத்தான் வருவேன்னு சொன்னவனை வேற எதைச் சொல்லி வரவழைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்கென்ன, அடிச்சு அடிச்சு எழுதலாம். எனக்கு இருக்கிறது ஒரே அப்பா."

பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

6

தெருக்கோடி வரை போன வண்டி திரும்பி வந்து வாசலுக்குள் நின்றிருந்தது. மாலையில் அப்பா நல்ல கையால் வாசலைக் காட்டினார். "வண்டி," என்றார். பல நாளைக்குப் பிறகு வந்த வார்த்தை. மெக்கானிக்கும் அக்காவுமாக அவரைத் தூக்கி, முன் இருக்கையின் நடுவில் உட்கார வைத்தார்கள். அக்கா கதவோரம், மெக்கானிக் ஸ்டியரிங்கில். ஏறுவதற்கு முன்னால் அவள் அப்பாவின் படுக்கையைச் சுருட்டிக் கொல்லையில் காற்றாடப் போட்டிருந்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் ஒவ்வொரு வாரமும் நடக்கும் வேலை அது.

வண்டி கேட்டைத் தாண்டிக் கொஞ்சம் உருண்டு, குலுங்கி, நின்றுவிட்டது.

"பேட்டரி இறங்கிடுச்சு," என்றார் மெக்கானிக்.

"கிளட்ச்சை... மெதுவா விடு," என்று அப்பா குழறினார். ஆனால் அது திட்டுதான். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்: ஒரு வாடகைக் கார் பின்னால் வந்து நின்றது. தம்பி இறங்கினான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். யாரையும் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் போனான்.

உள்ளே அவன் கண்டது வெறும் கட்டில்.

அதன் மேல் அவன் விழுந்து எழுப்பிய சத்தம் தெரு வரை கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நானும்தான்.

பிறகு, "மெதுவா விடுன்னா..." என்று அப்பா மறுபடியும் வைதார்.

வீட்டுக்குள் அழுகை நின்றது. தம்பி வாசலுக்கு வந்தான். வண்டியின் பின்கண்ணாடிக்குள் அப்பாவின் பின்தலை. அது ஆடியது. தம்பி படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

தம்பி அக்காவின் முகத்துக்கு நேரே வந்து, "நீயெல்லாம் ஒரு மனுஷியா" என்று கேட்கிறான். நியாயம்தான்.

தம்பி வந்த காரிலேயே திரும்பிப் போகிறான். சாவு இல்லையே. இதுவும் நடக்கக்கூடியதுதான். எழுதிவிட்டு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா திரும்பிப் பார்த்து, "வாடா" என்கிறார். இதை எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது என்பதையே மறந்திருக்கிறேன்.

மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எதுவும் தெரியாத மெக்கானிக், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"யாருங்க அது, படியில சும்மா உக்காந்திருக்கிறது? வந்து ஒரு கை குடுங்க சார். தள்ளினாத்தான் கிளம்பும்."

இதை நான் எழுதவில்லை. சத்தியமாக இல்லை. அவராகவே கேட்டார்.

தம்பி எழுந்தான். கண்ணாடியில் அக்கா பார்த்தாள்: முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு வந்து, வண்டியின் பின்பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான். குனிந்தான். வண்டி அசைந்தது. மெல்ல உருளத் தொடங்கியது.

காலமெல்லாம் இந்த வண்டியை ஓட்டியவருக்கு, பின்னாலிருந்து வருகிற கையின் பலம் முதுகில் தெரிந்துவிட்டது. அப்பா தலையை நிமிர்த்தினார்.

"யாரு தள்றது?"

மெக்கானிக்குக் கியரில் கவனம். கேள்வி அக்காவைப் பார்த்துத்தான். காலையில் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விழுங்கியவள் அவள். இப்போது சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் இறங்கிக்கொள்கிறேன். அவள் இடத்தில் கொஞ்சம் நீங்கள் உட்காருங்கள். ஒரு கையால் அப்பாவை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்துவிடப்போகிறார். பின்னால் ஒருவன் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருக்கிறான். என்ஜின் இன்னும் பிடிக்கவில்லை. பிடித்துவிட்டால் அந்தச் சத்தத்தில் நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது.

அவர் காத்திருக்கிறார். சொல்லுங்கள்.