அறுபதுக்கு மேலே

மாங்கூழைக் காய்ச்சிக் கிருமி நீக்கும் பாஸ்டரைசரில் சூடு அறுபது டிகிரியைத் தொட்டதும், அதை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியின் திரை அணைந்தது. நீராவி வால்வு தானாக மூடிக்கொண்டது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

"அம்பத்தொம்பது வரைக்கும் ஜோராதான் போவுது மேடம்," என்றார் ஆபரேட்டர் தீர்த்தகிரி. "அறுவதுன்னா மட்டும் படுத்துக்குது."

ஜோதிமணிக்குப் பயத்தை மீறி ஆர்வம் வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்னக் கம்பெனியில் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். இங்கே, நாகரசம்பட்டிப் பக்கத்து மாங்கூழ் ஆலை வாசலில் நின்ற லாரி வரிசையில் அவள் அப்பா ஆஞ்சப்பனின் லோடும் இருந்தது. நன்றாகக் கனிந்துவிட்ட பழம். இன்று அரைபடாவிட்டால் குப்பைக்குத்தான்.

பெட்டி இருப்பதோ ஏசி அறையில். கொப்பரைச் சூடு அதைச் சுட வழியில்லை, சென்சார் அனுப்பும் எண் மட்டும்தான் அதற்குப் போகும். அப்படியானால் கோளாறு கணக்கில்தான். லேப்டாப்பைத் திறந்தாள். அறுபது வரை வெறும் முழு எண்கள். அதைத் தொட்டால்தான் கிருமி எவ்வளவு செத்தது என்ற கணக்கு தொடங்கும், அதில் தசமப் புள்ளி வரும். தசமக் கணக்கை, பெட்டியின் ஏஆர்எம் சிப்பில் அதற்கென்றே இருக்கும் பகுதியிடம் விட்டுவிடும்படி, புரோகிராமைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கு ஆப்ஷன் கொடுத்திருந்தாள். அந்தப் பகுதியே இல்லாத சிப்பாக இருந்தால்? புரியாத கட்டளை வந்ததும் அப்படியே நின்றுவிடும்.

கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கும் ராஜ்குமாருக்குப் போன் செய்தாள்.

"பழைய சிப்பு ஸ்டாக் இல்ல மேடம். அதே ஃபேமிலில இன்னொண்ணு போட்டோம். நீங்கதானே டெஸ்ட் பண்ணி ஓகே சொன்னீங்க?"

சொன்னாள்தான். ஆபீஸில் எல்லாரும் செய்கிற டெஸ்ட், எதிர்க்கடை டீயில் சென்சாரை முக்குவது. எண் ஏறினால் பாஸ். ரோட்டைக் கடந்து மாடியேறி வரும் அந்த டீ என்றைக்கு அறுபதில் இருந்திருக்கிறது? வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

ஆப்ஷனை மாற்றி மறுபடி ஏற்றினாள். இனி ஒவ்வொரு தசமக் கணக்கையும் சாதாரணக் கட்டளைகளாக உடைத்துத்தான் சிப் செய்யும். மெதுவாகத்தான் செய்யும். ஏறுகிற சூட்டுக்கு அது ஈடுகொடுக்குமா என்பது அவளுக்கே தெரியவில்லை.

அப்பா கதவருகே வந்து நின்றார். "ஏம்மா, இது உன்னுதுதானா?"

"ஆமாப்பா."

"ஓடுமா?"

"ஓட்டிப் பாத்தாதான்பா தெரியும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வெளியே முன்னால் நின்ற லாரிகள் வேறு ஆலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

தீர்த்தகிரி வால்வைத் திறந்தார். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. ஜோதிமணி ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா லாரி மேல் ஏறி, லோடை இறக்கத் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஐம்பத்தொன்பது.