நாற்பது ஊர் மண்ணும் ஒரு நீலக் கோப்பையும்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் "கொஞ்சம் இருங்க, சலிச்சுப் பாத்துடுவோம்" என்பார். ஒரு தேக்கரண்டி மண்ணுக்குள் குடியிருக்கும் உயிர்களின் கூட்டத்தை நினைத்து, காலையில் நுழைந்ததும் மண் தட்டுகளுக்குத்தான் முதல் வணக்கம் வைப்பார். மேலதிகாரிக்கு இரண்டாவது. மேலதிகாரி கோபித்துக்கொண்டதில்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் அதுதான் நியாயம் என்று அவருக்கும் பட்டிருந்தது.

ஒன்பது வருஷமாகச் சல்லடைக்கு ஒரே வேலை. சுற்றியிருக்கும் நாற்பது ஊருக்கும் மண் வரைபடம் போடுவது. எந்த ஊர் மண்ணுக்கு என்ன குறை, எதைப் போட்டால் தீரும், எதை விதைத்தால் வரும் என்று அதில் இருக்கும். திங்கட்கிழமை காலை அதைக் கூடத்துச் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. நாற்பது ஊர் விவசாயிகளும் வந்து பார்த்துவிட்டு, அதன்படி விதைக்கப் போகிறார்கள்.

மண்ணைத் தோண்டி எடுத்து வந்தவர் தங்கை வீட்டுக்காரர். அந்த வேலைக்கு அவரைச் சேர்த்துவிட்டதே சல்லடைதான். சேர்த்த அன்றைக்கு நாள் முழுக்கப் பாடம் நடந்தது. வயலில் வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நாலு பாகமாக்கி, எதிரெதிர் பாகத்தைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்ய வேண்டும். குப்பைக்குழி ஓரம், மரத்தடி, சாம்பல் கொட்டும் இடம், தண்ணீர் தேங்கும் இடம், கோழிக்கூட்டுப் பக்கம், இங்கெல்லாம் மண்வெட்டியே படக்கூடாது. மாப்பிள்ளை இந்தக் கடைசிப் பட்டியலை ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தார். சல்லடைக்குப் பெருமை தாங்கவில்லை.

உலர்ந்த மண்ணைத் தட்டிச் சலித்தால் கல், வேர், நத்தை ஓடு என்று கொஞ்சம் சல்லடைமேல் நிற்கும். எடை பார்த்துவிட்டு அதைக் கொட்டிவிடுவார்கள். சல்லடைக்கு மனசு வராது. ஊர் பெயர் எழுதி, காகித உறையில் போட்டு, பீரோவில் வைத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைபடத்தை முடித்துச் சுருட்டி வைத்தார். இனி இந்தக் கல்லையெல்லாம் அடைகாத்து என்ன ஆகப்போகிறது என்று உறைகளைக் கொட்ட உட்கார்ந்தார். முதல் உறையில் நகத்தளவு நீலப் பீங்கான் சில்லு ஒன்று இருந்தது. அடுத்த உறையிலும் ஒன்று. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மலை இருந்தது. பன்னிரண்டாவது உறைக்கு மேல் அவர் கொட்டுவதை நிறுத்திவிட்டுப் பொறுக்க ஆரம்பித்தார். முப்பதாவது உறையில் ஒரு மீன் வால் கிடைத்தது. பசை எடுத்தார். நாலு மணிக்கு மேஜைமேல் ஒரு கோப்பை நின்றது. வாய் ஓரத்தில் மட்டும் ஒரு சில்லு குறைந்தது. கோப்பையில் இருந்த மீன் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது.

அந்த மீனை அவருக்குத் தெரியும். தங்கை வீட்டில் அவருக்கு மட்டும் டீ வரும் கோப்பை அது. ஒன்பது வருஷமாகத்தான் அதைக் கண்ணில் காணோம். கேட்டபோதெல்லாம், "உடைஞ்சிடுமோன்னு உள்ள பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்ணே" என்பாள் தங்கை.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தங்கை வீட்டில் மாப்பிள்ளை செய்தித்தாளை விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சல்லடை கோப்பையை மேஜையில் வைத்தார். மாப்பிள்ளையின் விசிறி நின்றது. டீயோடு வந்த தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எந்த ஊருக்குப் போனீங்க மாப்பிள்ளை?"

"முதல் ஊருக்குப் போனேன் மச்சான், சத்தியமா. நாய் துரத்திடுச்சு."

"அது ஒரு ஊரு. மிச்சம் முப்பத்தொம்பது?"

"நாய் எல்லா ஊர்லயும்தானே மச்சான் இருக்கு?"

சல்லடை எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நாலு எட்டில் முடிந்துபோகிற கொல்லை. ஒரு மூலையில் கோழிக்கூடு, ஒரு மூலையில் குப்பைக்குழி, சுவரோரம் சாம்பல் மேடு, நடுவில் ஒரு மரம், அதன் பக்கத்தில் துவைக்கிற கல். மண்வெட்டியே படக்கூடாத இடங்கள் மொத்தமும் அங்கே பந்தி போட்டு உட்கார்ந்திருந்தன. பதினெட்டாவது ஊரில் மணிச்சத்து ஏன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது என்று கோழி ஒன்று தலையைச் சாய்த்து விளக்கியது. சாம்பல் சத்தில் கொழித்த ஐந்து ஊர்கள் சுவரோரம் கிடந்தன.

துவைக்கிற கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் அருகே வந்ததும் அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். வரைபடத்தில் ஒன்பது ஊர் வரிசையாகக் களர் மண், உப்புப் பூத்த நிலம். ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன ஓர் ஆறு அந்த வழியாக ஓடியிருக்க வேண்டும் என்று அவர் கட்டுரை எழுதியிருந்தார். நீல மையில் அந்த ஆற்றை வரைந்து, அதற்குத் தங்கையின் பெயரையும் வைத்திருந்தார்.

"இங்க இவர் தோண்டுறப்ப நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க, வழுக்குதுன்னு சொன்னேண்ணே."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

தங்கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "முதல் பையைப் பிரிச்சு மோந்து பாத்துட்டு எங்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? இந்த மாதிரி மண்ணை வாழ்க்கையில பாத்ததில்ல, உன் புருஷன் தங்கம்னு கண் கலங்கினீங்க. அதுக்கப்புறம் எப்படிண்ணே சொல்றது?"

"அது கோழிக்கூட்டு மண்ணு."

"நல்ல மண்ணுதானே மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "விடுங்க. ஒன்பது வருஷ உழைப்பு. திங்கக்கிழமை மாட்டிடுங்க. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?"

"ஒருத்தன் நல்ல நிலத்தைக் களர்னு நம்பி மூட்டை மூட்டையா ஜிப்சத்தைக் கொட்டுவான். இன்னொருத்தன் என் பேச்சை நம்பி எருவே போடாம விதைச்சுட்டு, வானத்தைப் பாத்துட்டு நிப்பான். அவன் வீட்ல சாப்பாட்டு நேரத்துக்கு நீங்க போய் உக்காருவீங்களா மாப்பிள்ளை?"

டீ ஆறிப்போனது. தங்கை அதைத் தம்ளரில்தான் கொண்டுவந்திருந்தாள். சல்லடை தொடவில்லை. அந்த வீட்டில் அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன முதல் டீ அது.

திங்கட்கிழமை வரைபடம் சுவரில் ஏறியது. நாற்பது ஊர்க்காரர்களும் கழுத்தை நீட்டித் தங்கள் ஊரைத் தேடினார்கள். ஓர் ஊர் பெயரும் இல்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கோழிக்கூடு வடக்கு, கோழிக்கூடு தெற்கு, சாம்பல் மேடு, துவைக்கிற கல் என்று எழுதியிருந்தது.

"இது என் தங்கச்சி வீட்டுக் கொல்லை," என்றார் சல்லடை. "உங்க மண்ணு இதுல ஒரு பிடி கூட இல்ல. நான் ஒன்பது வருஷமா இந்த அறையை விட்டு இறங்காம உக்காந்திருந்தேன். அதனால தப்பு எனக்கும் சேர்த்துத்தான்."

பின்வரிசைப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "கொல்லை ஒண்ணை இவ்வளவு நுணுக்கமா ஆராய்ஞ்ச ஆளு உலகத்துலயே நீங்கதான்யா."

சிலர் சிரித்தார்கள். சல்லடை சிரிக்கவில்லை.

"அப்ப நாங்க எதைப் பாத்து விதைக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"போன வருஷம் மாதிரியே விதைங்க. நான் வர்றேன்."

மறுநாள் மண்வெட்டியும் வாளியுமாக அவரே முதல் ஊருக்குப் போனார். நாய் நிஜமாகவே இருந்தது. மாப்பிள்ளை சொன்னதில் அது ஒன்றாவது உண்மை என்று அதற்கும் ஒரு வணக்கம் வைத்தார். அது வேட்டியின் ஓரத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டது. பதினைந்து இடத்தில் வெட்டி, கலந்து, நாலு பாகமாக்கி, அரைக் கிலோவைச் சுமந்து வந்தார்.

மண் உலர்ந்த அன்று சலித்தார். கல்லும் வேரும் நின்றன. தானே வெட்டிய மண். தன் கையாலேயே மூட்டை கட்டியது. ஆனாலும் அதை எடைத்தட்டில் போடவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, நீலமாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.