பாலத்தில் வைத்த இரும்புத் தடுப்பு

பாலத்தின் வாசலில் டோன் அர்செசியோவின் சவப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆறு பேர் முழித்துக்கொண்டு நின்றோம். மாதா கோயில் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம். பூசைக்கு நேரமாகிவிட்டது.

"என்னை வண்டியில ஏத்தாதீங்க, நம்ம பாலத்து வழியாத் தூக்கிட்டுப் போங்க" என்று மனைவி எடில்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு செத்த மனிதர். சும்மாவா? மெதெயின் நகரத்து ஓரத்தில் எங்கள் மலைச்சரிவே ஞாயிறுதோறும் கூடி, ஒரு பக்கம் சாங்கோச்சோக் குழம்பு கொதிக்க, மறுபக்கம் சிமெண்டு குழைத்துக் கட்டிய பாலம் அது. ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதில்லை.

பாலம் என்னவோ நல்ல பாலம்தான். நல்ல அகலம், இதமான சரிவு, ஒரு படி கிடையாது. அதற்குப் படம் வரைந்து கொடுத்த யாமித், "சைக்கிளும் தள்ளுவண்டியும் நிக்காமப் போகணும், நடுவுல ஒரு கம்பம் போதும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். கேட்டோமா? பைக்கில் பறக்கிற பயல்களை ஒழிக்கிறோம் பார் என்று கூட்டத்தில் அத்தனை பேரும் கை தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். இரண்டு முனையிலும் வளைந்து வளைந்து நுழைகிற மாதிரி இரும்புத் தடுப்பு வைத்தோம். இடுப்பு உயரம் வைத்தால் பயல்கள் பைக்கைத் தூக்கிக் கடத்தினார்கள். ரோஷம் வந்து ஆளுயரத்துக்கு மேலே ஏற்றினோம்.

"வலப்பக்கம் திருப்பு! அட, உன் வலப்பக்கம் இல்லடா, என் வலப்பக்கம்!"

பெட்டியின் மூலை இரும்பில் உரசிக் கிறீச்சிட்டது. வளைவில் அது திரும்பவே மாட்டேன் என்றது.

"நட்டமா நிறுத்தினா நுழைஞ்சிரும்" என்றார் ஊர்ச்சங்கத் தலைவர் ஹில்தார்தோ.

"நட்டமாவா? எம் புருஷன் என்ன அலமாரியா?" என்று கத்தினாள் எடில்மா.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பைக் பயல்கள் ஓரமாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

ஹில்தார்தோ வியர்வையைத் துடைத்தார். "சுத்துவழியில போலாம்னா, லாரி ரோடு. அந்த மேட்டுல மனுஷன் போவானா?"

"ஏன், நான் போகலையா?"

பின்னாலிருந்து சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள் லூஸ்மிலா. எங்கள் தெருத் தையல்காரி.

"இந்தக் கம்பியை வெச்ச நாள்லேருந்து அந்த மேட்டுலதான் போறேன். முன்பின் தெரியாதவன் யாராச்சும் தள்ளிவிட்டா உண்டு. ஒருத்தராவது கேட்டீங்களா? செத்தவர் போக முடியலேன்னதும் ஊரே கூடி நிக்குது."

ஹில்தார்தோ தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வீட்டு ஜன்னலுக்கு நேரேதான் அவள் தினமும் அந்த மேட்டுப் பக்கம் போவாள். தைத்த துணியைக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எடில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நாற்காலியின் பிடியைப் பற்றினாள். "வா, லூஸ்மிலா. நீ முன்னால போ."

அவர்கள் பின்னால் ஏறினோம். லாரிகள் உரசிக்கொண்டு போயின. பாதி மேட்டிலேயே எங்கள் ஆறு பேருக்கும் மூச்சு இரைத்தது. கொஞ்சம் இறக்கி வைக்கலாமா என்று எந்த முகத்தோடு கேட்பது?