காசு ஓடுது, வைக்கிறன்

…பத்தரைக்குள் நேர்ஸ் போன் எடுத்துவிடுவாள், போன மாதம் பத்தேகால், அதற்கு முந்தின மாதம் பத்து இருபது, இந்த மாதம் மட்டும் பிந்துவாளா என்ன, சூடை மீனின் வயிற்றைப் பெருவிரலால் கிழித்துக் குடலை எடுத்தபடி குணேஸ்வரி குசினி வாசலால் எட்டிப் பார்த்தாள், முன்னறைக் கதிரையில் மனிசன் இருக்கிறார், காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட்டையும் மாட்டிக்கொண்டு… போனில் பேசப் போகிறவருக்கு எதற்கு இஸ்திரி போட்ட சேர்ட், கேட்டால் ஆஸ்பத்திரிக்கு மரியாதை என்பார், மடியில் கிளினிக் கொப்பி, கொப்பிக்கு மேலே போன், போனுக்கு மேலே கை, அது பறந்துவிடும் என்பதுபோல. அருளம்பலம், வயது அறுபத்தாறு, இருதய வருத்தம், கொப்பி நம்பர் அவளுக்கும் மனப்பாடம். வைகாசியில் கொரோனாவுக்குப் பயந்து கிளினிக்கை மூடினார்கள், இனி வரவேண்டாம், நாங்களே போன் எடுத்து விசாரிப்போம், குளிசை தபாலில் வரும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்று சொன்னார்கள், சொன்னபடி நேர்ஸ் போன் எடுத்தாள், தபால்காரர் குளிசையும் கொண்டுவந்து தந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது, குறை இவரில்தான்.

ஏனென்றால் முதல்முறை எடுத்தபோதே இவர் கேட்டுவிட்டார், பிள்ளை, இது ஆஸ்பத்திரி நம்பர் மாதிரித் தெரியேல்லையே என்று, அந்தப் பெண் சுஹைரா, கிண்ணியாப் பிள்ளை, வெகுளியாக உண்மையைச் சொல்லிவிட்டாள், ஐயா, கிளினிக்கில ஒரு போன்தான் இருக்கு, நூத்தி நாப்பது பேருக்கு அதால எடுக்க ஏலாது, நாங்க எங்கட போனாலதான் எடுக்கிறம், அதுக்கு இன்னும் காசு ஒண்டும் ஒதுக்கேல்ல… அவ்வளவுதான், மனிசன் தீயை மிதித்ததுபோல் ஆகிவிட்டார். உம்மட சொந்தக் காசோ பிள்ளை, நான் சுகம், நல்ல சுகம், நித்திரை வருது, சாப்பாடு போகுது, காசு ஓடுது, வைக்கிறன். வைத்தேவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அந்தப் பிள்ளை பிரஷர் கேட்க வாயெடுத்ததோ என்னவோ. அடுத்த மாதமும் அதே பல்லவி, அதற்கடுத்த மாதமும், ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார் வேறு, அரசாங்கம் குளிசைக்குக் குடுக்குது, முத்திரைக்குக் குடுக்குது, கதைக்கிறதுக்குக் குடுக்கேல்லை, ஒரு சின்னப் பிள்ளை தன்ர சம்பளத்தில எங்கட சுகத்தை விசாரிக்குது என்று. பிறத்தியாரின் ஐந்து ரூபாய்க்கு இப்படித் துடிக்கிற மனிசனை எங்கே பிடித்தாய் என்று அவளுடைய தங்கச்சி சிரிப்பாள். எங்கே பிடிப்பது, அப்பா பிடித்துத் தந்தார், அவள் வேண்டாமென்று சொல்லவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டாள்.

மகள் நிவேதிகா சொன்னாள்தானே, வத்தளையில் இருந்துகொண்டு, அப்பா, போனிலேயே பெரிய டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணலாம், வீடியோவில உங்களைப் பார்ப்பார், மூவாயிரம்தான், நான் கட்டுறன் என்று, அதற்கு இவர், மூவாயிரம் குடுத்து முகத்தைக் காட்டுறதுக்கு எனக்கென்ன கலியாணம் பேசுகினமோ மகள் என்று கேட்டு அவளையும் சிரிக்க வைத்துவிட்டார். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் டக் படகு ஓட்டினவர், மலைபோல வருகிற கப்பல்களை இழுத்துவந்து கரையில் கட்டினவர், ஒரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு சதம் கட்டினதில்லை, இந்த நாட்டில் மிஞ்சியிருக்கிற ஒரே நல்ல விசயம் அதுதான், அதையும் நான் போய்க் கெடுக்கவோ என்பார். அவளும்தான் என்ன செய்தாள்… போனை வாங்கி, விடு பிள்ளை, நேர்ஸ் மாதா மாதம் எடுக்கிறாதானே என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள், மகளின் காசு என்றா, வேறு ஏதுமா? மீன் செதில் வளையலில் ஒட்டிக்கொண்டது, தட்டிவிட்டாள்.

களைக்கிறது அவருக்கு. கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தால் பாதியில் வாளியை வைத்துவிட்டு மாமரத்தைப் பார்க்கிறார், மாமரத்தில் என்ன இருக்கிறது, காயா பூவா, சேர்ட் பொத்தான் போடும்போதே மேல்மூச்சு வாங்குகிறது, இதெல்லாம் இந்த ஊரடங்கோடு வந்தது, வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் யாருக்கும் வரும், ஒரு மாதம் இருக்குமா… ஒரு மாதம்தான். களைக்குது என்ற அந்தச் சொல்லை நேர்ஸிடம் சொல்லவேண்டும், ஒரே ஒரு சொல், சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்பார்கள், வார்டில் போடுவார்கள், பக்கத்து வீட்டு இராசதுரை அண்ணையும் அப்படித்தான் தன் காலாலேயே நடந்துபோய் அம்புலன்ஸில் ஏறினார், ஏழாம் நாள் ஒரு போன் மட்டும் வந்தது, முகத்தைக்கூட யாரும் காணவில்லை. சொல்லாவிட்டால்? இருதய வருத்தத்தோடு களைப்பை வைத்துக்கொண்டு இங்கேயே இருந்தால் இங்கேயே… வாயைக் கழுவு, காலங்காத்தாலே என்ன நினைப்பு இது.

அதனால்தான் நேற்று ஜெமீலின் கடைக்குப் போனாள், பாதிக் கதவு திறந்திருந்தது, முகக்கவசத்துக்குள்ளால் நேர்ஸின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்லி இருநூறு ரூபாய் ரீலோட் போடச் சொன்னாள். புது நம்பராக் கிடக்கு, ஆருக்கு அக்கா என்றான். தெரிஞ்ச பிள்ளைக்கு என்றாள். திரும்பி வரும்போது கள்ளவேலை செய்தவளைப் போலக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது, இனி அவர் என்ன சாட்டுச் சொல்வார் பார்ப்போம், காசு எங்கட காசு, ஆறுதலாக இருந்து எல்லாவற்றையும் அவரே சொல்லட்டும், அவர் வாயால் வரட்டும். அவர் வாயால். ஏன் அவர் வாயால்தான் வரவேண்டும், இவளுக்கு வாய் இல்லையா என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

போன் அடித்தது. பத்து இருபத்திரண்டு. சத்தத்தைக் கூட்டி வைத்தபடியால் குசினி வரைக்கும் கேட்டது, ஐயா, கிளினிக்கில இருந்து சுஹைரா, எப்பிடி இருக்கிறீங்க, நேத்து என்ட போனுக்கு ஆரோ இருநூறு ரூபா போட்டிருக்கிறாங்க, கேட்டுப் பார்த்தன், எல்லாரும் இல்லையாம், நீங்களா? மனிசன் திரும்பி இவளைப் பார்த்தார். அந்தப் பார்வை, திருடனைப் பிடித்த பொலிஸ்காரனின் பார்வை, ஆனால் ஓரத்தில் சிரிப்பு. நான்தான் போட்டனான், எங்கட காசுதான் ஓடுது, ஆறுதலாக் கதையுங்கோ என்றாள் குணேஸ்வரி, கத்தியைக் காட்டியபடி. அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார்.

கதைத்தார். அம்மாடி, என்ன கதை! கிண்ணியாப் பாலம் கட்ட முந்தி பாதைப் படகில் ஆட்களை ஏற்றி இறக்கின காலம், அந்தப் பிள்ளையின் தகப்பன் பெயர், தகப்பனின் தொழில், சீனி விலை, டக்கின் கயிறு அறுந்து ஒருவன் தண்ணீரில் விழுந்த கதை, அதை நாற்பது தரம் கேட்டிருக்கிறாள், இன்றைக்கும் விழுந்தவன் தொப்பியோடுதான் எழும்பி வந்தான், அந்தப் பிள்ளை சிரித்தது, இவளும் சிரித்தாள். நித்திரை? நல்லா வருது பிள்ளை. நடை? கிணத்தடிக்கும் வீட்டுக்கும் நடக்கிறன். நெஞ்சு நோவு? சீச்சீ. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதில் ஒரு செருமல், செருமலுக்குள் மூச்சை இழுத்து ஒளித்துக்கொள்கிறார், எட்டு நிமிடமாகிறது, காசு ஓடுகிறது, அதை ஒருதரம்கூட அவர் சொல்லவில்லை, அவசரமே இல்லை… அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, காசுக்காக இல்லை, ஒரு நாளும் காசுக்காக இல்லை, இந்த மனிசன் பயந்துபோய் இருக்கிறார். சூறாவளிக் கடலில் டக்கைக் கொண்டுபோனவர், அந்தச் சின்னப் பிள்ளை கேட்கப் போகிற ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று மாதமாகப் போனைப் பாதியிலேயே வைத்துவிட்டிருக்கிறார். கோபம் வரவில்லை அவளுக்கு, போய் அந்த நரைத்த தலையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அப்போ இவள்? மூன்று மாதமும் நேர்ஸ் எடுக்கிற நாளில், எடுக்கிற நேரத்தில், இவள் குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள், கை மீனாக் கிடக்குது, போனைத் தொட ஏலாது, ஒவ்வொரு மாதமும் அதே நாளில் மீன், அது எப்படி? ஒன்பது மணிக்கே அரிந்து முடித்திருக்கலாமே.

வேற ஒண்டும் இல்லைத்தானே ஐயா என்றாள் சுஹைரா. ஒண்டும் இல்லைப் பிள்ளை, இந்தா மனிசி மீனோட நிக்கிறா, வைக்கட்டோ. குணேஸ்வரி குசினிக்கு வெளியே வந்துவிட்டாள், கையைக் கழுவவில்லை, இரண்டு செதில் விரலில், போனை அவரின் கையிலிருந்து எடுக்கப் போனாள், அவர் விடவில்லை, ஒரு கணம் இருவரும் போனைப் பிடித்தபடி நின்றார்கள், வேண்டாம் என்று அவரின் கண் சொன்னது, கெஞ்சியது, இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. இஞ்சேருங்கோ, விடுங்கோ என்றாள் மெதுவாக. விட்டார்.

மிஸ், அவருக்குக் களைக்குது. நடந்தாலும் களைக்குது, இருந்தாலும் களைக்குது.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. வைக்காதீங்கம்மா, டொக்டர் பக்கத்தில இருக்கிறார், அவரிட்ட சொல்லோணும், எப்ப இருந்து?

ஒரு மாதமா என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் வாயில் வந்தது, சித்திரைப் பறுவத்தில இருந்து. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஓம், சித்திரைப் பௌர்ணமி, கிளினிக் மூடுவதற்கும் முந்தி, செத்துப்போன அவருடைய அம்மாவுக்கு விரதம் பிடித்த நாள், கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் நடந்து ஏறிக்கொண்டிருந்தார்கள், பாதி ஏற்றத்தில் அவர் நின்றார், என்ன என்றாள், ஒண்டுமில்லை, மான் பாக்கிறன் என்றார். கோட்டை மான்களை இந்த ஊரில் பிறந்த யார் நின்று பார்த்தார்கள், ஆடு மாடு மாதிரி அவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து குப்பை தின்னும். அவரின் சேர்ட் முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது, அதைக் கண்டாள், நன்றாகக் கண்டாள், கண்டுவிட்டு அவளும் பக்கத்தில் நின்றாள், அவருக்கு மூச்சு வரும்வரைக்கும், எவ்வளவு வடிவான மான் என்றுகூடச் சொன்னாள்.